அலபாமாவுக்குப் பொருந்தும் சூப்பர் ஹீரோ குழு எது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அலபாமா பல்கலைக்கழக அணியை அவெஞ்சர்ஸ் குழுவோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டதே, அது பொருத்தமான ஒப்பீடுதானா, இல்லையென்றால் காமிக்ஸ் உலகின் வேறு எந்தக் குழுவைச் சொல்லலாம் என்பது கேள்வி. அலபாமாவுக்கு எக்ஸ்-மென் குழுவே மிக நெருக்கமானது என்பது என் பதில். வலிமையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவெஞ்சர்ஸ் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஓர் அணி எப்படி உருவாகிறது, எப்படிக் கலைகிறது, எப்படி மறுபடியும் எழுகிறது என்று பார்த்தால் விடை மாறிவிடும். இங்கே கால்பந்து என்று நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு குழுக்களும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். 1963 செப்டம்பர் என்று தேதியிட்ட இதழ்களில் மார்வெல் காமிக்ஸின் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் இரண்டையும் அறிமுகப்படுத்தினார்கள். அவெஞ்சர்ஸில் சேர்ந்த தோர், அயர்ன் மேன், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப் ஆகியோரை வாசகர்கள் ஏற்கெனவே வேறு இதழ்களில் பார்த்திருந்தார்கள். நான்காவது இதழில் சேர்க்கப்பட்ட கேப்டன் அமெரிக்காவோ 1941 முதலே பெயர் பெற்றவர். அதாவது அது தனித்தனியே புகழடைந்தவர்கள் கூடிய சபை. எக்ஸ்-மென் அப்படியன்று. சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன், மார்வெல் கேர்ள் என்ற ஐந்து பதின்பருவத்தினரை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் வசித்த இடம் ஒரு பள்ளிக்கூடம். சீருடை எல்லாருக்கும் ஒன்றே. தலைமை தாங்கியவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்த பேராசிரியர் சேவியர். அவர்களுக்குப் பட்டமளிப்பும் நடந்தது. 1964ஆம் ஆண்டு ஏழாவது இதழிலேயே ஐவரும் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள்.

கல்லூரி அணியைத் தொழில்முறை அணியிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பட்டமளிப்புதான். தொழில்முறை ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணிக்காக டாம் பிரேடி 20 பருவங்கள் ஆடினார். கல்லூரியில் அப்படி ஒன்று நடக்கவே முடியாது. ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் என்பதுதான் நீண்டகாலமாக இருந்துவந்த விதி. மிகத் திறமையானவர்கள் அதுவரை காத்திருப்பதும் இல்லை. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆனதும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விடுகிறார்கள். 2020 பருவத்தில் பட்டம் வென்ற அலபாமா அணியிலிருந்து அடுத்த வசந்தத்தில் என்எஃப்எல் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த நிகழ்வின் முதல் சுற்றிலேயே ஆறு பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஒரு தொழில்முறை அணி ஒரே நாளில் தன் ஆறு சிறந்த ஆட்டக்காரர்களை இழந்தால் அதைப் பேரிடர் என்பார்கள். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரில் அது ஏப்ரல் மாதத்து வழக்கம். ஆள்கள் போய்க்கொண்டே இருக்க, பெயரும் செந்நிறச் சட்டையும் நிலைத்திருக்கின்றன. அலபாமாவின் தலைக்கவசத்தில் சின்னம் எதுவும் கிடையாது, ஆட்டக்காரரின் எண் மட்டுமே இருக்கும் என்பதை இந்த இடத்தில் நினைவுகூரத் தோன்றுகிறது. எக்ஸ்-மென் ஐவருக்குக்கூட 1967இல் தனித்தனி உடை கொடுத்துவிட்டார்கள்; அலபாமா இன்றுவரை அந்தச் சலுகையை யாருக்கும் தரவில்லை.

மாணவர்கள் கடந்து போகிறவர்கள் என்றால் குழுவின் தொடர்ச்சி ஆசிரியரிடம்தான் இருக்க முடியும். அலபாமாவுக்கு அப்படி இரண்டு ஆசிரியர்கள் வாய்த்தார்கள். 1958 முதல் 1982 வரை பயிற்றுவித்த பேர் பிரயன்ட் ஆறு தேசியப் பட்டங்களும், 2007 முதல் 2023 வரை பயிற்றுவித்த நிக் சேபன் ஆறு தேசியப் பட்டங்களும் பெற்றுத் தந்தார்கள். பிரயன்ட் பயிற்சித் திடலில் ஓர் உயரமான கோபுரத்தின் மேல் நின்று ஒலிபெருக்கியோடு எல்லாரையும் கண்காணித்தவர். தன் அறையை விட்டு நகராமலேயே ஒவ்வொருவர் மனத்திலும் நுழைந்துவிடும் சேவியரை அந்தக் கோபுரத்தில் வைத்துப் பார்ப்பது கடினமான கற்பனை அன்று. சேபனோ புள்ளிப் பலகையைப் பார்க்காதே, இந்த ஓர் ஆட்டத் துணுக்கில் உன் வேலையைச் சரியாகச் செய் என்று ஓயாமல் சொன்னவர். அந்த முறைக்கு அவர் வழிமுறை என்றே பெயர் வைத்திருந்தார். சேவியரிடம் உலகெங்கும் உள்ள மியூட்டன்ட்டுகளை, அதாவது பிறப்பிலேயே அபூர்வ ஆற்றல் கொண்டவர்களை, கண்டறியும் செரிப்ரோ என்ற கருவி இருந்தது. சேபனிடம் நாடெங்கும் பள்ளி மைதானங்களை அளந்து பதினாறு வயதுச் சிறுவனின் இடுப்பும் கணுக்காலும் எவ்வளவு வளைகின்றன என்பதுவரை குறித்துவைக்கும் ஆள்சேர்ப்புப் படை இருந்தது. விளைவில் பெரிய வேறுபாடு இல்லை.

இதுவரை சொன்னவை எந்தப் பெரிய கல்லூரி அணிக்கும் ஓரளவு பொருந்தும். அலபாமாவை நான் குறிப்பாகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் 1963ஆம் ஆண்டின் கோடைக்காலம். ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் அலபாமா பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்ய வந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஃபாஸ்டர் அரங்கின் வாசலில் நின்று மறித்தார். அதிபர் கென்னடி மாநிலத்தின் தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட பிறகே வாலஸ் விலகினார். அதே கோடையில்தான், பிறப்பினால் வேறுபட்டவர்கள் என்பதற்காகவே வெறுக்கப்படும் மாணவர்களையும் அவர்களுக்குப் புகலிடமான ஒரு பள்ளியையும் பற்றிய காமிக்ஸ் கடைகளுக்கு வந்தது. இது தற்செயல்தான், ஆனால் இரண்டும் ஒரே நாட்டின் ஒரே காய்ச்சலிலிருந்து வந்தவை.

தற்செயல் அதோடு நிற்கவில்லை. வெறுப்பை எதிர்த்துப் பேசிய எக்ஸ்-மென் கதையின் முதல் ஐவரும் வெள்ளையர்கள். மலோன் 1965இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரியாக வெளியேறிய பின்னும் அலபாமா கால்பந்து அணியில் வெள்ளையர்கள் மட்டுமே இருந்தார்கள். 1961, 1964, 1965 ஆகிய மூன்று பட்டங்களும் அப்படிப்பட்ட அணிகள் வென்றவை என்பதைப் பெருமை பேசும்போது பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள். இரண்டு குழுக்களும் தங்கள் குறுகிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான். அலபாமா 1969இல் ஐந்து ஆட்டங்களிலும் 1970இல் மீண்டும் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. எக்ஸ்-மென் இதழில் 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 66ஆம் எண்ணோடு புதிய கதைகள் நின்றன. அதன்பின் ஐந்தாண்டுகள் பழைய கதைகளையே மறுபதிப்பு செய்து ஓட்டினார்கள்.

1970 செப்டம்பர் 12 அன்று தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணி அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகருக்கு வந்து அலபாமாவை 42–21 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் கறுப்பின ஆட்டக்காரர் சாம் கன்னிங்ஹாம் 135 கெஜம் ஓடியதைப் பார்த்த பிறகுதான் அலபாமா மனம் மாறிக் கறுப்பினத்தவரைச் சேர்த்தது என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதை உண்மையில் முன்பின்னாக இருக்கிறது. அந்த ஆட்டம் நடப்பதற்கு முன்பே வில்பர் ஜாக்சன் அலபாமாவின் உதவித்தொகையை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அப்போது அனுமதி இல்லாததால் அவர் களத்தில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ஜான் மிட்செல் சேர்ந்து, அலபாமாவுக்காக ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரரானார். 1971இல் அந்த அணி வழக்கமான பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் வென்றது. மிட்செல் 1972இல் அணியின் இணைத் தலைவர்களில் ஒருவராகவும் 1973இல் உதவிப் பயிற்சியாளராகவும் ஆனார்.

எக்ஸ்-மென்னுக்கு அந்தத் திருப்பம் 1975இல் வந்தது. லென் வீனும் டேவ் காக்ரமும் படைத்த சிறப்பிதழில் பழைய குழு ஒரு தீவில் சிக்கிக்கொள்ள, சேவியர் உலகம் முழுவதும் தேடிப் புதிய ஆள்களைச் சேர்க்கிறார்: கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், சோவியத் நாட்டிலிருந்து கொலாசஸ், கனடாவிலிருந்து வுல்வரின், அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட், இன்னும் சிலர். அதன்பின் கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை தொடர்ந்து எழுதிய காலம்தான் எக்ஸ்-மென்னின் பொற்காலம். 1980இல் சைக்ளாப்ஸ் விலகியதும் தலைமை ஸ்டார்முக்குப் போனது. கதவைத் திறந்த பிறகு கிடைத்த வெற்றி முந்தைய வெற்றியைவிடப் பெரியது என்பது இரண்டு இடத்திலும் உண்மை. திறந்ததற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டும்தானா, இனியும் மூடிவைத்தால் தோற்போம் என்ற கணக்கும் சேர்ந்ததா என்ற கேள்வியும் இரண்டு இடத்திலும் எழுகிறது. பிரயன்டைப் பொறுத்தவரை இரண்டும் கலந்திருந்தன என்றே நான் கருதுகிறேன்.

இதே ஏற்ற இறக்கம் அலபாமாவில் இன்னொரு முறையும் நிகழ்ந்தது. பிரயன்ட் தன் கடைசி ஆட்டம் முடிந்து 28 நாள்களில், 1983 ஜனவரி 26 அன்று, இறந்துபோனார். அடுத்த கால்நூற்றாண்டில் ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992இல் பெற்ற ஒரு பட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் பழைய கதைகளின் மறுபதிப்புதான். சேபன் வந்த 2007இல்கூட லூசியானா–மன்ரோ என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். அடுத்த ஆண்டு அவர் சேர்த்த வகுப்பில் ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இன்கிரம், டான்டா ஹைடவர், மார்செல் டேரியஸ் ஆகியோர் இருந்தார்கள். அதை அலபாமாவின் 1975 சிறப்பிதழ் என்று சொல்வேன். 2009இல் 14 ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றார்கள். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் அலபாமா ஆட்டக்காரர் என்ற பெருமை இன்கிரமுக்குக் கிடைத்தது. பிரயன்டின் ஆறு பட்ட அணிகளில் ஒருவருக்குக்கூட அந்தக் கோப்பை கிடைத்ததில்லை என்பது, தனிமனிதப் புகழுக்கும் இந்தக் குழுவுக்கும் இருந்த இடைவெளியைக் காட்டுகிறது.

குழுவுக்குள் நடக்கும் தலைமைப் போட்டி வரை இந்த ஒப்பீட்டை நீட்டலாம். 2018 ஜனவரி 8 அன்று நடந்த தேசியப் பட்ட ஆட்டத்தின் இடைவேளையில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி 13–0 என முன்னிலையில் இருந்தது. அலபாமாவின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், தான் தொடங்கிய ஆட்டங்களில் இரண்டைத் தவிர மற்ற எதிலும் தோற்றிராதவர். அவரை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டுவா டங்கோவைலோவாவைச் சேபன் இறக்கினார். கூடுதல் நேரத்தில் டங்கோவைலோவா எறிந்த 41 கெஜப் பந்தை இன்னொரு முதலாண்டு மாணவரான டெவான்டா ஸ்மித் பிடித்து எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் ஆக்க, அலபாமா 26–23 என்று வென்றது. 1986 ஜனவரி என்று தேதியிட்ட எக்ஸ்-மென் இதழில் தலைமைக்காகச் சைக்ளாப்ஸும் ஸ்டார்மும் பயிற்சிக்கூடத்தில் மோதுகிறார்கள். அப்போது தன் ஆற்றலை இழந்திருந்த ஸ்டார்ம் வெல்கிறார், சைக்ளாப்ஸ் வெளியேறுகிறார். ஹர்ட்ஸ் உடனே வெளியேறவில்லை என்பதுதான் வேறுபாடு, அது எனக்குக் காமிக்ஸைவிட நல்ல கதையாகவே படுகிறது. மாற்று ஆட்டக்காரராக ஓர் ஆண்டு காத்திருந்தார். 2018 டிசம்பரில் அதே அட்லான்டா அரங்கில் அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டங்கோவைலோவா காயமடைந்தபோது இறங்கி, பின்தங்கியிருந்த ஆட்டத்தை 35–28 என்று வென்று கொடுத்தார். அதன் பிறகுதான் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிக்குப் போனார்.

எதிரியைச் சேர்த்துக்கொள்ளும் குணமும் இரண்டுக்கும் பொது. எக்ஸ்-மென்னின் பகைவர் கூட்டத்திலிருந்த ரோக் 1980களின் தொடக்கத்தில் உதவி கேட்டு வந்தபோது, குழுவில் மற்றவர்கள் எதிர்த்தும் சேவியர் அவரை மாணவியாக ஏற்றார். சேபனின் உதவியாளர் அறை ஏறத்தாழ அப்படிப்பட்ட புகலிடம். தென் கலிஃபோர்னியா 2013இல் பருவத்தின் நடுவிலேயே நீக்கிய லேன் கிஃபினையும், அதே பல்கலைக்கழகம் 2015இல் நீக்கிய ஸ்டீவ் சார்கீசியனையும் அவர் எடுத்துக்கொண்டார். இருவரும் பின்னர் பெரிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அங்கேயே வளர்ந்து எதிரியாகத் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஒன்பது பருவங்கள் சேபனிடம் பணியாற்றிய கர்பி ஸ்மார்ட் 2022 ஜனவரியில் ஜார்ஜியாவுக்காக 33–18 என்று அலபாமாவைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றார்.

ஒப்பீடு இடறும் இடத்தையும் மறைக்கக் கூடாது. சேவியர் திரட்டியது உலகம் ஒதுக்கியவர்களை. சேபன் திரட்டியதோ நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரிகளும் கைநீட்டி அழைத்த இளைஞர்களை. ஒதுக்கப்பட்டவர்களின் கூட்டணி என்ற அடையாளத்தை மட்டும் தேடுகிறவர்கள், நீலப் புல்தரையில் ஆடும் பாய்சி மாநிலப் பல்கலைக்கழக அணியைப் பார்க்கலாம். பெரிய கல்லூரிகள் சீண்டாத ஆள்களை வைத்துக்கொண்டு 2007ஆம் ஆண்டின் முதல் நாளில் ஓக்லஹோமாவை 43–42 என்று வென்ற அணி அது. இன்னொரு வேறுபாடு வயது. 1963இல் பதின்பருவத்தினராக இருந்த ஐஸ்மேன் இன்றும் இளைஞர்தான். 1980இல் இறந்த ஜீன் கிரே, அதாவது மார்வெல் கேர்ள், 1986இல் திரும்பி வந்துவிட்டார். மைதானத்தில் கிழிந்த முழங்கால் தசைநார் அப்படித் திரும்புவதில்லை. அதனால்தான் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு பருவத்தையும் கடைசிப் பருவம் போலப் பார்க்கிறார்கள். காமிக்ஸ் வாசகருக்கு அந்தத் தவிப்பு இல்லை.

கேள்வியில் இருந்த அவெஞ்சர்ஸ் ஒப்பீட்டுக்கு இப்போது திரும்புகிறேன், ஏனென்றால் அது முன்பைவிட இன்று கொஞ்சம் உண்மையாகி வருகிறது. அணி மாற விரும்பும் மாணவர்களின் பெயர்களுக்காக 2018இல் தொடங்கிய மாற்றப் பதிவேடு, 2021இல் வந்த ஒருமுறை தண்டனையின்றி அணி மாறும் விதி, அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்து பள்ளிக்கூடத்தின் சுவரை இடித்துவிட்டன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். ஏற்கெனவே பெயர் பெற்ற ஆட்டக்காரர் தன் சொந்த வருமானத்தோடும் ரசிகர்களோடும் வந்து ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகும் அணி, தனித்தனி இதழ் வைத்திருந்த நாயகர்கள் கூடிய அவெஞ்சர்ஸ் மாளிகையைத்தான் நினைவூட்டுகிறது. எக்ஸ்-மென்னின் முதல் ஐவரில் ஒருவரான பீஸ்ட்கூட 1970களில் அவெஞ்சர்ஸில் போய்ச் சேர்ந்தவர்தான்.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பயிற்சியாளர் மாறினால் ஆட்டக்காரர்கள் விலகிக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு என்பது அன்றைய விதி. அந்த நாள்களுக்குள் பாதுகாப்பு வரிசையின் மிகச் சிறந்த முதலாண்டு மாணவரான கேலெப் டவுன்ஸ் ஓஹையோ மாநில அணிக்குப் போய், அடுத்த பருவத்திலேயே அங்கே தேசியப் பட்டம் பெற்றார். முன்வரிசை ஆட்டக்காரர் கேடின் ப்ராக்டர் தன் சொந்த மாநிலமான அயோவாவுக்குப் போனார்; அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாமல், இரண்டே மாதங்களில் டஸ்கலூசாவுக்குத் திரும்பிவிட்டார். வாஷிங்டனிலிருந்து வந்த புதிய பயிற்சியாளர் கேலென் டிபோர் அவரை மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.